டெபியன் 10 சர்வர்: /பூட் நிரம்பிவிட்டது, ஆப்ட் அப்டேட்டில் 404

கேள்வி
மூன்று வருடமாக யாரும் தொடாத டெபியன் 10 (லினக்ஸ் இயங்குதளம்) சர்வர். ஆப்ட் (மென்பொருள் பொதிகளை இறக்கும் கருவி) அப்டேட் கொடுத்தால் எல்லா வரியிலும் 404, அதாவது கோப்பு இல்லை என்ற பிழை. எதை நிறுவப் போனாலும் டிபிகேஜி (பொதிகளை நிறுவும் அடிப்படைக் கருவி) பாதியில் நிற்கிறது என்கிறது. 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' ஓட்டினால் இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகும்போது முதலில் ஏறும் கோப்பு) எழுத இடமில்லை. கர்னல்கள் இருக்கும் /பூட் பகுதி 100%. போஸ்ட்கிரெஸ் 11 தரவுத்தளம் ஓடுகிறது, தரவு போகக்கூடாது. புதிதாக நிறுவாமல் டெபியன் 12-க்குப் போக வழி உண்டா?

பதில் 1
உண்டு. இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். 404 இப்போதைக்கு இருக்கட்டும், முதலில் இடம். பிஜி_டம்ப்ஆல் மூலம் தரவுத்தளம் முழுவதற்கும் நகல் எடுத்து வேறு கணினியில் வையுங்கள். பிறகு 'யூநேம் -ஆர்' காட்டும் கர்னலைத் தொடாமல், 'டிபிகேஜி -எல்' பட்டியலில் உள்ள மிகப் பழைய லினக்ஸ்-இமேஜை (கர்னல் பொதி) 'டிபிகேஜி --பர்ஜ்' மூலம் நீக்குங்கள். தேவையற்ற பொதிகளை நீக்கும் ஆப்ட் ஆட்டோரிமூவ் இந்த நிலையில் உதவாது, பாதியில் நிற்பதை முடி என்றே சொல்லும்.

தயவுசெய்து /பூட்டுக்குள் போய் ஆர்எம் (கோப்பை அழிக்கும் கட்டளை) போடாதீர்கள். கோப்பு போனாலும் டிபிகேஜி கணக்கில் கர்னல் அப்படியே நிற்கும், கணினி தொடங்கும்போது வரும் க்ரப் மெனுவிலும் பூட் ஆகாத வரி தங்கிவிடும்.

இடம் கிடைத்ததும் 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', அடுத்து 'ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'.

கேட்டவர்
இரண்டு கர்னல்களை நீக்கியதும் டிபிகேஜி பிழையின்றி முடிந்தது. 404 மட்டும் அப்படியே.

பதில் 2
டெபியன் 10-இன் எல்டிஎஸ் (நீண்டகால) ஆதரவு 2024 ஜூன் 30-இல் முடிந்தது. பொதிகள் ஆர்க்கைவ் சர்வருக்குப் போய்விட்டன. ஆப்ட் பொதிகளை எடுக்கும் இடங்களைச் சொல்லும் சோர்சஸ் லிஸ்ட் கோப்பில் முகவரியை ஆர்க்கைவ்.டெபியன்.ஆர்க் என்று மாற்றுங்கள். வெளியார் களஞ்சியங்களின் வரிகளை முடக்கிவிடுங்கள், பாதி மோதல்கள் அங்கிருந்துதான் வரும். செக்யூரிட்டி வரியில் காலாவதிப் பிழை வந்தால் அக்வயர்::செக்-வேலிட்-அன்டில் மதிப்பை ஃபால்ஸ் ஆக்குங்கள். 10-ஐ முழுமையாக்கியதும் அதை எடுத்துவிடுங்கள், அது பாதுகாப்புக்காக உள்ள சோதனை.

10-இலிருந்து 12-க்கு ஒரே தாவல் கூடாது, 11 வழியாகத்தான். வழக்கமான முகவரிக்குத் திரும்பி 'பஸ்டர்' (10-இன் பெயர்) என்பதை 'புல்ஸ்ஐ' (11-இன் பெயர்) ஆக்குங்கள். பலர் சறுக்கும் இடம் செக்யூரிட்டி வரி: 'பஸ்டர்/அப்டேட்ஸ்' என்றிருந்தது 11 முதல் 'புல்ஸ்ஐ-செக்யூரிட்டி'. தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியே செய்தால், இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காதபடி டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள். ஆப்ட் அப்டேட், 'ஆப்ட் அப்கிரேட் --விதவுட்-நியூ-பிகேஜிஎஸ்', ஆப்ட் ஃபுல்-அப்கிரேட், ரீபூட். 12-க்கும் இதேதான், ஃபர்ம்வேர் தேவைப்படும் வன்பொருளானால் 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' பிரிவையும் சேருங்கள்.

பதில் 3
போஸ்ட்கிரெஸ் தரவு தானாக நகராது. டெபியன் 11-இல் போஸ்ட்கிரெஸ் 13, டெபியன் 12-இல் போஸ்ட்கிரெஸ் 15 காலியான கிளஸ்டரோடு (தரவுத்தளங்களின் தொகுப்பு) பக்கத்தில் வந்து உட்காரும், பழையது பழைய பதிப்பிலேயே ஓடும். டெபியன் 11-க்கு வந்ததும் 'பிஜி_டிராப்கிளஸ்டர் --ஸ்டாப் 13 மெயின்' கொடுத்து அந்தக் காலிக் கிளஸ்டரை அகற்றுங்கள். எண் 13-தானா என்று 'பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்' பார்த்துவிட்டே என்டர் தட்டுங்கள். அடுத்து 'பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் 11 மெயின்' கொடுத்தால் பழைய தரவு புதிய பதிப்புக்கு நகரும். செயலி புதியதில் சரியாக ஓடுவதைப் பார்த்த பிறகே போஸ்ட்கிரெஸ் 11-ஐ நீக்குங்கள்.