பிரிடினோலின் சிறுநீர்ச் சோதனை எங்கே செய்கிறார்கள்?

வணக்கம். 14 மாதக் குழந்தைக்காகக் கேட்கிறோம். பிறந்தது முதலே உடல் துவண்டிருக்கிறது, முதுகு பக்கவாட்டிலும் பின்னாலும் வளைந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் முள்ளெலும்புகளின் வடிவம் சரி. எஸ்எம்ஏ (முதுகுத்தண்டு நரம்புகள் பழுதாகித் தசை தளரும் மரபு நோய்) சோதனையில் ஒன்றுமில்லை. பெற்றோர் அத்தை மகன், மாமன் மகள். கைஃபோஸ்கோலியோட்டிக் எஹ்லர்ஸ்-டான்லோஸ் (முதுகு வளையும், இணைப்புத் திசு பலவீனமாகும் மரபு நோய்) என்று சந்தேகம்.

தசை பயாப்ஸி எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன் சிறுநீரைப் பார்ப்பதே சரி என்பது எங்கள் கருத்து. கொலாஜன் (இணைப்புத் திசுவின் புரதம்) இழைகள் சரியாகப் பிணைய உதவும் நொதி குறைந்தால், சிறுநீரில் வெளியேறும் அந்தப் பிணைப்புப் பொருட்களான டிஆக்ஸிபிரிடினோலினுக்கும் பிரிடினோலினுக்கும் உள்ள விகிதம் சுமார் 0.2-இலிருந்து 2-க்கு மேல் ஏறும். ஊசி இல்லை, வலி இல்லை. தமிழ்நாட்டிலோ பெங்களூரிலோ எச்பிஎல்சி (திரவத்தில் உள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும்) முறையில் இதைச் செய்யும் ஆய்வகம் தெரியுமா? மாதிரியை உறைய வைத்து அனுப்ப வேண்டுமா?

மரபணுச் சோதனையில் ஒரு பொறி உண்டு. அந்த நொதிக்கான பிஎல்ஓடி1 மரபணுவில் அடிக்கடி காணப்படுவது 7 எக்ஸான்கள் (மரபணுவின் பகுதிகள்) இரட்டித்த பிழை. எல்லா மரபணுக்களின் எக்ஸான்களையும் படிக்கும் வழக்கமான எக்ஸோம் சோதனை அதைத் தவறவிடலாம். எம்எல்பிஏ (இரட்டித்த, விடுபட்ட பகுதிகளைக் கண்டறியும் சோதனை) சேர்த்துச் செய்பவர்கள் யார்? விகிதம் சரியாக இருந்தாலும் விட்டுவிட முடியாது: எஃப்கேபிபி14 என்ற வேறு மரபணுவால் வரும் வகையில் அது மாறாது, காது கேளாமைதான் துப்பு.

பிரேஸ் (முதுகைத் தாங்கும் கவசம்) செய்பவர்களிடம் ஒரு கேள்வி: தோல் லேசில் கிழிந்து கன்றிப்போகிறது. விலா அழுத்தப் புள்ளிகளில் உள்ளே எந்த மெத்தை வைக்கிறீர்கள்? பின்னாளில் அறுவை என்றால், ரத்தக் குழாய் கிழியும் அபாயம் தெரிந்த மயக்க மருத்துவர் பெயரும் வேண்டும்.

தாய் இப்போது 7 வாரக் கர்ப்பம். இது அந்த நோய்தான் என்றால், அடுத்த குழந்தைக்கும் வர வாய்ப்பு 25 சதவீதம் என்பதால்தான் அவசரம்.