வீட்டுக்குள் நடந்தாலே அறுந்துபோகும் வைஃபை கால்: உங்களுக்கு எப்படிச் சரியானது?

மாடிப்படி:
எங்கள் வீட்டுக்குள் டவர் எட்டாது. எல்லாக் காலும் டவருக்குப் பதில் வீட்டு வைஃபை வழியே போகும் வைஃபை காலிங்தான். வீடு முழுக்க வைஃபை எட்ட, தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பல பெட்டிகளாக மெஷ் போட்டதே அதற்காகத்தான். அன்று அப்பாவின் டாக்டர் கூப்பிட்டார். ஹாலில் போனை எடுத்து, மருந்துச் சீட்டுக்காக மாடி ஏறினேன். "அந்த வெள்ளை மாத்திரையை மட்டும் இனிமேல்..." என்றார். அதோடு குரல் போய்விட்டது. திரையில் வைஃபை முழுசாக இருக்கிறது, கால் ஓடும் நொடிகளும் கூடிக்கொண்டே போகின்றன, காதில் ஒன்றும் இல்லை. கொடுக்கச் சொன்னாரா, நிறுத்தச் சொன்னாரா? திரும்ப அழைத்தால் அவர் லைன் பிஸி. மாத்திரைப் பட்டையைக் கையில் பிடித்தபடி நின்ற அந்த நேரத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

மெஷ் ஆப்பில் பார்த்தால், மாடிக்கு வந்த பிறகும் போன் கீழ் நோடையே (மெஷ் பெட்டி ஒவ்வொன்றும் ஒரு நோட்) பிடித்துக்கொண்டிருக்கிறது. மாடி நோடைப் படிக்குப் பக்கத்தில் நகர்த்தினேன். பெரும்பாலும் சரியாகிவிட்டது, ஆனாலும் எப்போதாவது அறுகிறது.

ஒருவழிக்குரல்:
மாடிப்படி, நீங்கள் நோட் மாறுவதையே குறை சொல்கிறீர்கள். நான் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பேசும்போதே போகும். அம்மா "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்பது எனக்குத் தெளிவாகக் கேட்கும், நான் கத்துவது அவருக்குப் போகாது. கடைசியில் அழுதபடி போனை வைத்துவிட்டார், எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து.

காரணம், நெட் கம்பெனி கொடுத்த மோடமும் ரூட்டர் வேலை பார்க்கிறது, அதன் பின்னால் மெஷ்ஷும் ரூட்டர் வேலை பார்க்கிறது. மெஷ்ஷை, ரூட்டர் வேலையை விட்டு வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றினேன். அன்றோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. முதலில் இதைப் பாருங்கள், நோடைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

கேபிள்பக்தன்:
ஒருவழிக்குரல் சொல்வதை முழுக்க ஏற்க முடியாது. வைஃபை காலிங் என்பது போனிலிருந்து சிம் கம்பெனியின் சர்வர் வரை போடும் ஐபிசெக் எனும் பூட்டிய சுரங்கம். யுடிபி என்ற அனுப்பும் முறையில் 500, 4500 எண் போர்ட்டுகளில் போகிறது. நடுவில் நாட் (ரூட்டர் வீட்டு முகவரியை வெளி முகவரியாக மாற்றுவது) இருந்தாலும் தாண்டிப் போகத்தான் 4500. இரண்டு நாட் இருந்தும் ஒழுங்காக ஓடும் வீடுகள் எத்தனையோ. சும்மா இருக்கும் யுடிபி இணைப்பை ரூட்டர் அவசரப்பட்டு மறந்துவிட்டால்தான் சிக்கல். உங்கள் வீட்டில் இரண்டில் ஒன்று அப்படி இருந்திருக்கும்.

எனக்கு நடந்தது வேறு. வேலைக்கான நேர்காணல், கேள்வி முடிந்து நான் வாயைத் திறந்த நொடியில் வீட்டிலிருந்த எல்லா நோடும் சிவப்பு. நோடுகள் தங்களுக்குள் பேசிக்கொண்ட 5 கிகாஹெர்ட்ஸ் சேனல் ரேடாருக்கும் பொதுவானது. ரேடார் சிக்னல் மாதிரி எதையாவது கண்டால் உடனே விலக வேண்டும் என்பது விதி. புதிதாகப் போகும் சேனலும் அதே வகை என்றால் குறைந்தது 60 நொடி காத்துக் கவனித்த பிறகுதான் பேசலாம். எந்தக் காலும் அவ்வளவு நேரம் தாங்காது. 36 முதல் 48 வரை உள்ள சேனலில் வைத்தேன், பிறகு நோடுகளுக்குள் கேபிளே இழுத்துவிட்டேன்.

மாடிப்படி, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எந்த நோடுக்குப் போவது என்று கடைசியில் முடிவெடுப்பது போன்தான், மெஷ் அல்ல. ஐபோன் என்றால் சிக்னல் -70 டிபிஎம்முக்குக் கீழே இறங்கிய பிறகுதான் வேறு நோடைத் தேடும். பேசிக்கொண்டிருக்கும்போது 8 டெசிபலாவது கூடுதலாக இருந்தால்தான் தாவும். நோடுகளை நெருக்கி வைத்தால் பழையதையே கட்டிக்கொண்டு இருக்கும். அதனால் நோடுகளின் சிக்னல் பவரைக் குறைக்க முடிந்தால் குறையுங்கள். நோட் மாறுவதை வேகமாக்கும் 802.11ஆர் என்ற வசதி இருந்தால் போட்டுப் பாருங்கள். பழைய சாதனம் ஏதாவது அதனால் இணையாமல் போனால் அணைத்துவிடுங்கள். அப்புறம் அப்லோடு. யாராவது வீடியோவை மேலே ஏற்றும்போது மட்டும் குரல் உடைந்தால் கோளாறு நோடில் இல்லை, வரிசையில் காத்திருக்கும் பாக்கெட்டில். ரூட்டரில் எஸ்க்யூஎம் (அந்த வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் வசதி) இருந்தால், அப்லோடு வரம்பை உண்மையான வேகத்துக்குக் கொஞ்சம் கீழே வையுங்கள்.

ஜன்னலோரம்:
எனக்கு ஜன்னல் பக்கம் போனால்தான் பிரச்சினை. அங்கே டவர் ஒரு கோடு வரும், போன் உடனே அதற்குத் தாவும், அது தாங்காமல் கால் செத்துவிடும். தங்கை பிரசவச் செய்தி சொல்ல ஆரம்பித்தபோது போனது, என்ன குழந்தை என்பதை மெசேஜில்தான் படித்தேன். ஏரோபிளேன் மோடைப் போட்டு வைஃபையை மட்டும் திறந்து பேசிப் பார்த்தேன், கால் அறுந்துபோகவே இல்லை. வைஃபைக்கு முன்னுரிமை தரும் செட்டிங் என் போனில் இருந்தது, அதைப் போட்டுவிட்டேன். ஏரோபிளேன் மோடிலேயே விட்டுவிடாதீர்கள், வாசலைத் தாண்டினால் யாரும் கூப்பிட முடியாது.

மாடிப்படி:
ஏரோபிளேன் மோடில் பேசிக்கொண்டே படி ஏறி இறங்கினேன். அப்போதும் அறுகிறது, ஆகவே டவர் காரணம் இல்லை. மோடம் ஏற்கெனவே ரூட்டர் வேலை பார்க்காத பிரிட்ஜ் மோடில்தான் இருக்கிறது. சேனல் 100-இல் இருந்ததை 44-க்கு மாற்றியிருக்கிறேன். டாக்டர் சொன்னது நிறுத்தச் சொல்லித்தான்.