கொடைக்கானல் மேல்மலை: ஏரிக்கரையிலும் சோலையிலும் எதிர்ப்பட்டவை

பெரியகுளத்துக்காரர்:

எங்கள் ஊர்க் குழாயில் வருவது கொடைக்கானல் மலையிலுள்ள பேரிஜம் ஏரித் தண்ணீர். அதனாலோ என்னவோ, அந்தத் தண்ணீர் வரும் காட்டை நடந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை சின்ன வயதிலிருந்தே உண்டு. மேல்மலைக்கு நடக்கப் போகிறேன் என்றால் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "புலி இருக்குமே?" இருந்தாலும் அது நம் கண்ணில் படாது. நடக்கிறவர் முன்னால் உண்மையில் வந்து நிற்பவை வேறு. காட்டுமாடு, அட்டை, மூடுபனி, தலையில் விறகுக்கட்டோடு வரும் ஓர் அக்கா. வியூ பாயின்ட் கதைகள் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கிளாவரை, வெள்ளகவி என்று நடந்தவர்கள், வழியில் எது எதிர்ப்பட்டது, அப்போது கூட இருந்த உள்ளூர்க்காரர் என்ன செய்தார் என்று சொல்லுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

மன்னவனூர், கொடைக்கானலிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். ஆட்டுப் பண்ணை, புல்வெளி, ஏரி, வனத்துறையின் பரிசல். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பரிசலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஏரியைத் தாண்டி, கேரட் தோட்டங்களை ஒட்டி ஊருக்குப் போகும் ஒற்றையடித் தடத்தில் நான் நடந்தேன். தோட்டத்து அண்ணன் ஒருவரும் அதே வழியாக வந்தார். சீகை (வாட்டில்) மரங்களுக்கு நடுவே ஒரு வளைவில் பேச்சை நிறுத்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாறை என்று நினைத்தது காதை ஆட்டியதும்தான் புரிந்தது. தனி ஆண் காட்டுமாடு. முழங்காலுக்குக் கீழே வெள்ளை, மற்றதெல்லாம் கருப்பு. தோள் உயரம் என் தலைக்கு மேலேயே இருக்கும். வளர்ந்த ஆண் ஆயிரம் கிலோ வரைக்கும் போகும் என்பார்கள். நேரில் பார்த்தால் நம்பலாம்.

அது எங்களைப் பார்த்துப் பாயவில்லை. உடம்பைக் குறுக்கே திருப்பி, பக்கவாட்டு முழுவதையும் காட்டி நின்றது. மூக்கால் ஒரு சீறல். அண்ணன் கத்தவும் இல்லை, கல் எடுக்கவும் இல்லை. கிசுகிசுப்பாக, "ஒடம்பக் காட்டுது. பார்த்துட்டோம்னு ஒதுங்கிக்கிட்டாப் போதும்" என்றார். பள்ளத்துப் பக்கம் போகவிடாமல் மேட்டுப் பக்கமாக ஏற்றி, தடித்த மரம் ஒன்றின் பின்னால் நிறுத்தினார். பிறகு கேட்டேன். மாடு மிரண்டால் சரிவில்தான் இறங்கி ஓடும், அந்த வழியில் நாம் நிற்கக் கூடாது என்றார். அது தன் பாட்டுக்கு மேய்ந்து நகர அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணியும் அவர் போனை எடுக்கவில்லை, என்னையும் எடுக்க விடவில்லை.

கொடைக்கானலில் வசிப்பவர்:

அண்ணா, உங்களுக்குக் காட்டில் வந்தது எங்களுக்கு வாசலிலேயே வரும். 1863-ல், மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரிதான் எங்கள் ஏரி. சுற்றிவர ஐந்து கிலோமீட்டர். காலையில் நடக்கப் போனால், வெளிச்சம் வருவதற்குள் சாலையோரப் புல்லில் நாலைந்து மாடுகள் நிற்கும். பழகியவர்கள் எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போய்விடுவோம்.

"ஊருக்குள் மாடு ஏன் வருகிறது" என்று கோபப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த மலை மேலே முன்பு இருந்தது பரந்த புல்வெளி. சோலை எனும் அடர்ந்த மலைக்காடு, ஓடை ஓடுகிற மடிப்புகளில் மட்டும். அந்தப் புல்வெளியில் சீகையும் தைலமரமும் பைனும் நட்டார்கள். பைன் காட்டுக்குள் போய்ப் பாருங்கள், கீழே ஊசியிலைதான் கிடக்கும், ஒரு வாய்ப் புல் கிடைக்காது. புல் இருப்பது பங்களாத் தோட்டங்களிலும் பள்ளிக்கூட மைதானங்களிலும் ஏரிக்கரையிலும். மாடு பின்னே எங்கே போகும்? ஹோட்டல்காரர்கள் வெளியே கொட்டும் காய்கறிக் கழிவு வேறு.

எனக்கு மாட்டைவிட நாயைப் பார்த்தால்தான் பயம். ஒருமுறை, அவிழ்த்துவிட்ட வளர்ப்பு நாய் ஒன்று கன்றோடு நின்ற தாய் மாட்டைப் பார்த்துக் குரைத்தது. மாடு தலையைத் தாழ்த்தியதும் நாய் நேராகத் தன் எஜமானரிடம் ஓடியது. மாடும் பின்னாலேயே. அவர் சுவர் ஏறிக் குதித்துத் தப்பினார். அறுபது வயதிருக்கும், அந்தச் சுவரை மறுபடி ஏறச் சொன்னால் முடியாது. தயவுசெய்து தடங்களுக்கு நாயைக் கூட்டி வராதீர்கள். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே புகுந்து நடக்காதீர்கள்.

கோவையிலிருந்து ஒருவர்:

மாடு பார்த்தவர்கள் எல்லாம் பெருமையாக எழுதுகிறீர்கள். என்னைக் கடித்த அட்டைகளைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும் அல்லவா?

கூக்கால் ஏரியைத் தாண்டிச் சோலை ஓரமாக, ஐப்பசி மழை விட்ட மறுநாள். கொடைக்கானல் பக்கம் இரண்டு பருவமழையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகைதான் கனம். ஷூ, உயரமான சாக்ஸ், அதற்குள் பேன்ட் என்று முழு ஏற்பாட்டோடு போனேன். அட்டைக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. நம் உடல் சூடும் மூச்சும் நடக்கும் அதிர்வும் அதற்குப் போதும். இலை நுனியில் எழுந்து நின்று துழாவும். சாக்ஸ் நெசவு இடைவெளியிலேயே நூல் மாதிரி நுழைந்துவிடும். எங்களைக் கூட்டிப் போன அம்மா வெறும் செருப்பு. கணுக்காலில் புகையிலைத் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றியிருந்தார். அவரை ஒன்றுகூடத் தொடவில்லை.

கடி வலிக்காது. ரத்தம் நிற்காததுதான் தொல்லை. அட்டையின் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத சரக்கு இருக்கிறது. அது விழுந்த பிறகும் மணிக்கணக்கில் கசியும். பிய்த்து இழுக்கக் கூடாது என்று அந்த அம்மா அதட்டினார். நகத்தை அதன் வாய்ப் பக்கம் தோலோடு ஒட்டிச் செலுத்தித் தள்ளினால் விட்டுவிடும். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திப் பிடிக்க வேண்டும்.

ஆனால் ஒரு லாபம் உண்டு. பத்தடிக்கு ஒருமுறை குனிந்து காலைப் பார்த்ததால், நிமிர்ந்தே நடந்திருந்தால் தெரியாத பலதையும் பார்த்தேன். கட்டைவிரல் நகம் அளவுத் தவளை ஒன்று பாசியில் உட்கார்ந்திருந்தது. அதைக் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் மேலே கருமந்திகள் 'ஹூ ஹூ' என்று எழுப்பிய சத்தம் சோலை முழுக்க அதிர்ந்தது. அந்த அம்மா நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, "நம்மளைத்தான் திட்டுது, வாங்க" என்றார்.

திண்டுக்கல்லிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

நான் சொல்ல வந்தது மூடுபனி. பேரிஜம் சாலையில் மதிகெட்டான் சோலை இருக்கிறது. உள்ளே போனவர் வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி வருவார் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. வனத்துறை அனுமதியோடு, வாட்சர் ஒருவர் துணையோடு அதை ஒட்டி நடந்தோம். அவரிடம் கேட்டேன். பேய், பிசாசு ஒன்றும் சொல்லவில்லை. "உள்ள சூரியன் தெரியாது சார், நிழல் விழாது. எல்லா மரமும் ஒரே உசரம், எல்லா மேடும் ஒரே மாதிரி. பத்தாதுக்குப் பனியும் எறங்கிட்டா, எங்கப்பனே வந்தாலும் வழி தெரியாது."

சொல்லி வாய் மூடவில்லை, பனி ஏறிவிட்டது. முன்னால் நடந்தவரின் முதுகு தெரியவில்லை. எங்கள் கூட்டத்தில் படித்தவர்கள் அதிகம் என்பதால் யோசனைகளும் அதிகம். ஒருவர், ஓடைச் சத்தம் கேட்கிறதே, அதைப் பிடித்துக் கீழே போனால் ஊர் வந்துவிடும் என்றார். சமவெளியில் அது சரி. இங்கே வாட்சர் பதறிப்போனார். பழனி மலையின் தெற்கு விளிம்பு செங்குத்து; ஓடைகள் போய் முடிவது ஊரில் அல்ல, அருவியில். எங்களை அப்படியே உட்கார வைத்தார். பையில் இருந்த கடலை உருண்டையைப் பங்கு போட்டார். சத்தம் போட்டுப் பேசிக்கொண்டே இருக்கச் சொன்னார். ஆள் பிரியாமல் இருக்கவும், மாடு இருந்தால் விலகிப் போகவும். முக்கால் மணி நேரம் கழித்துத் திரை விலகியது. ஓடை, நாங்கள் நினைத்த திசைக்கு நேர் எதிரே இருந்தது.

2018 நவம்பரில் கஜா புயல் வந்த பிறகு அதே பக்கம் போனபோது தடமே இல்லை. மரம் மேல் மரம். நான் பார்த்த இடத்தில் விழுந்து கிடந்தவற்றில் சீகையே அதிகம். வாட்சர்கள் கையரிவாளோடு வழி வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

சென்னையிலிருந்து ஒருவர்:

பேரிஜத்தில் யானை வரும் என்கிறார்களே, நடந்து போகலாமா?

பெரியகுளத்துக்காரர்:

வரும். ஏரிக்கரையில் யானைக் கூட்டம் தங்கினால், அது போகும்வரை வனத்துறை யாரையும் விடாது. ஆகவே எல்லா ஏற்பாடும் செய்துகொண்டு போனாலும் அன்றைக்குத் தடை என்று சொல்லலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. தினமும் குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகளுக்குத்தான் அனுமதி. பேரிஜத்தைத் தாண்டி மூணாறு பக்கம் போகும் பழைய எஸ்கேப் ரோடு, இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் வந்தால் தப்பிக்க என்று வெள்ளைக்காரன் வைத்திருந்த வழி, இப்போது மூடியே கிடக்கிறது. இணையத்தில் பழைய படங்களைப் பார்த்துவிட்டு அதில் போகலாம் என்று கிளம்பி வராதீர்கள்.

மதுரையிலிருந்து ஒருவர்:

வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கியிருக்கிறேன். சுமார் இரண்டாயிரம் மீட்டர் உயரத்திலிருந்து சமவெளி விளிம்புவரை இறக்கம்தான்; முழங்கால் பேசும். நான் போன காலத்தில் வெள்ளகவிக்கு வண்டிச் சாலை கிடையாது. அரிசி மூட்டையும் சிலிண்டரும் குதிரை முதுகில்தான் வந்தன. உடம்பு முடியாதவரை டோலி கட்டித் தூக்கிப் போவார்கள்.

எனக்கு எதிர்ப்பட்டது விலங்கு இல்லை. ஊர் எல்லையில், பள்ளிக்கூடப் பை மாட்டிய ஒரு சிறுமி. எங்கள் கால்களையே பார்த்து, "செருப்பைக் கழட்டுங்க" என்றாள். ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊர் முழுக்கத் தெய்வங்கள் இருக்கின்றன என்பது அவர்கள் எண்ணம். எங்களில் ஒருவர், கல் குத்துமே என்று முனகினார். அந்தப் பெண் காது கேட்காதது போல் முன்னால் நடந்தாள். ஊரைத் தாண்டும்வரை ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு போனோம். ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு பாட்டி கடுங்காப்பி கொடுத்து, "முதல்லயே கழட்டிட்டீங்கள்ல, அதான்" என்றார். கழற்றாதவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறப் போன 23 பேர் இறந்த பிறகு கெடுபிடி அதிகம்; அனுமதி இல்லாமல் காட்டுப் பாதையில் நடப்பது குற்றம். 2024 அக்டோபரிலிருந்து அரசே 40 பாதைகளைத் திறந்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு அனுப்புகிறது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீக்காலம் என்று மூடிவிடுவார்கள். "எங்களுக்கு வழி தெரியும்" என்று தனியாகக் கூட்டிப் போகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். புல் காய்ந்த சரிவில் காற்றோடு தீ ஏறும் வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. வழி தெரிந்து என்ன பயன்?

தேனியிலிருந்து ஒருவர்:

கிளாவரையை யாரும் சொல்லவில்லையே. தமிழ்நாட்டுப் பக்கம் அதுதான் கடைசி ஊர். மலையைத் தாண்டினால் கேரளத்து வட்டவடை. இரண்டு பக்கத்து ஜனங்களும் ஒருவருக்கொருவர் சொந்தம். நான் எல்லையைத் தாண்டவில்லை, படிப்படியாக இறங்கும் பூண்டுத் தோட்டங்களின் வரப்பிலேயே சுற்றினேன். மலைப்பூண்டு அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா, "எதுக்கு இங்க சும்மா நடக்குற?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. வேலை இல்லாமல் யாராவது இவ்வளவு மேடு ஏறுவார்களா என்று பக்கத்தில் இருந்தவர்களிடமும் கேட்டுச் சிரித்தார். பிறகு ஒரு கொத்துப் பூண்டை என் பையில் திணித்து, மூன்று மாதம் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடச் சொன்னார்.

கொடைக்கானலுக்குத் திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்பதை டீக்கடையில் இருவரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். மழை பெய்தால் ஒருவர் சொல்லும் நேரம் செல்லாது.