முழங்கை, முழங்கால் சொரியாசிஸுக்கு குளோபெட்டசால் களிம்பு: எவ்வளவு தடவுவது, எப்போது நிறுத்துவது?

கேள்வி

இரண்டு முழங்கையிலும் இரண்டு முழங்காலிலும் வெள்ளைச் செதிலோடு தடித்த திட்டுகள், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட விரல்களையும் சேர்த்து ஒரு உள்ளங்கை அளவு. தோல் மருத்துவர் சொரியாசிஸ் என்று சொல்லி, குளோபெட்டசால் 0.05% ஆயின்ட்மென்ட் 30 கிராம் டியூப் எழுதியிருக்கிறார். காலை, இரவு, இரண்டு வாரம். "மெல்லியதாகத் தடவவும்" என்றுதான் சீட்டில் இருக்கிறது. அது எவ்வளவு? செதிலை உரித்துவிட்டுத் தடவணுமா? மாய்ஸ்சரைசர் முன்னாலா, பின்னாலா? இரண்டு வாரத்தில் முழுசா மறையலைன்னா தொடரலாமா?

பதில் 1

அளவுக்கு விரல்நுனிக் கணக்கு இருக்கிறது. பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரலில், நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோடு வரை ஒரே நீளமாகப் பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும் (டியூப் வாய் 5 மில்லிமீட்டர் அகலம் என்றால்). விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை பரப்புக்கு அது போதும்.

உங்களுடைய நான்கு திட்டுகளுக்கு ஒரு வேளைக்கு இரண்டு விரல்நுனி, அதாவது 1 கிராம். இரண்டு வேளைக்கு 2 கிராம், 14 நாளுக்கு 28 கிராம். மருத்துவர் எழுதிய 30 கிராம் டியூப் இந்தக் கணக்கோடு சரியாகப் பொருந்துகிறது. நாலைந்து நாளிலேயே டியூப் காலியானால் அதிகமாகவோ நல்ல தோலிலும் சேர்த்தோ பூசுகிறீர்கள். மாதக்கணக்கில் தீராவிட்டால் பயந்து பயந்து தொட்டுத் தடவுகிறீர்கள். இந்த இரண்டாவது தவறும் நிறைய நடக்கிறது. குறைவாகத் தடவினால் திட்டு அடங்காது, நாள்தான் நீளும். நாள் நீள நீளத்தான் பக்கவிளைவும் கூடும்.

குளோபெட்டசால் ஸ்டீராய்டு களிம்புகளில் மிக வீரியமான வகுப்பைச் சேர்ந்தது. ஹைட்ரோகார்டிசோன் என்ற மென்மையான ஸ்டீராய்டைவிட 600 மடங்கு வரை வீரியம் என்பார்கள். அதனால்தான் வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, மருத்துவர் சொன்ன நாளைத் தாண்டக் கூடாது என்கிற கண்டிப்பு. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் பூச வேண்டாம்.

பதில் 2

செதிலைப் பற்றி. நகத்தால் உரிக்கவே கூடாது. சொரியாசிஸ் உள்ளவர்களுக்குக் காயம் பட்ட இடத்திலேயே புதுத் திட்டு கிளம்பலாம். அதே சமயம், தடித்த செதிலுக்கு மேல் தடவினால் மருந்து செதிலோடு உதிர்ந்துவிடும், உள்ளே இறங்காது. வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். தானாக வருவது வரட்டும். அப்படியும் கல் மாதிரி ஒட்டியிருந்தால், சாலிசிலிக் ஆசிட் கலந்த களிம்பு வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் கால்சிபோட்ரியால் என்ற வைட்டமின் டி களிம்பையும் எழுதியிருந்தால் அதன் மேல் சாலிசிலிக் ஆசிட் படக் கூடாது, அதைச் செயலிழக்கச் செய்துவிடும்.

மாய்ஸ்சரைசர் முன்னாலா பின்னாலா என்பதைவிட, இரண்டுக்கும் நடுவில் 20–30 நிமிட இடைவெளி விடுவதுதான் முக்கியம். உடனே மேலேயே பூசினால் ஸ்டீராய்டு நீர்த்துப்போய் நல்ல தோலுக்கும் பரவும். ஸ்டீராய்டு திட்டின் மேல் மட்டும். மாய்ஸ்சரைசர் உடம்பெங்கும் தாராளமாக, திட்டு அடங்கிய பிறகும் தினமும்.

பதில் 3

எப்போது நிறுத்துவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கண்ணை நம்பாதீர்கள், விரலால் தடவிப் பாருங்கள். மேடு போய்த் தோல் சமமாகிவிட்டால் வேலை முடிந்தது. அந்த இடம் கருத்தோ வெளுத்தோ தெரிவது நிறமாற்றம் மட்டுமே. அது மறைய மாதங்கள்கூட ஆகலாம். ஸ்டீராய்டு அதற்கான மருந்தே அல்ல. நிறம் போகணும் என்று தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரியும், லேசாக உரசினாலும் கன்றிப்போகும். வரித்தழும்பு விழுந்தால் அது திரும்பாது.

இரண்டு வாரத்தில் மேடு இன்னும் இருந்தால் நீங்களாகத் தொடர வேண்டாம், காட்டிவிட்டு முடிவெடுங்கள். அடங்கினாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரத்தில் இரண்டு நாள் என்று குறைக்கச் சொல்வது உண்டு. அந்தத் திட்டத்தை முதல் நாளே கேட்டு வாங்கிவிடுவது நல்லது. பெரிய பரப்பில் நெடுநாள் பூசிவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் சொரியாசிஸ் முன்னைவிட மோசமாகத் திரும்பலாம், சிலருக்குச் சீழ்க்கொப்புளங்களாகவும் வெடிக்கும். காய்ச்சலோடு அப்படி வந்தால் அன்றே மருத்துவமனை.

பதில் 4

தடவிய பிறகு பிளாஸ்டிக் உறை சுற்றினால் சீக்கிரம் அடங்கும்.

பதில் 3 எழுதியவர்

அடங்கும், ஆனால் மருந்து உட்கிரகிப்பு பத்து மடங்கு வரை கூடும். குளோபெட்டசாலுக்கு மேல் அதைச் சொந்த முடிவாகச் செய்வது ஆபத்து. ரத்தத்தில் போதிய அளவு சேர்ந்தால், உடம்புக்கான ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியே அடங்கிவிடும். குழந்தைகளுக்கு டயப்பர்கூட இப்படி மூடிய உறைதான்.

கேள்வி கேட்டவர்

விளக்கத்துக்கு நன்றி. தொடை இடுக்கில் ஒரு செதில் திட்டு இருக்கிறது, மருத்துவரிடம் காட்டவில்லை. இதையே அங்கேயும் தடவலாமா?

பதில் 1 எழுதியவர்

கண்டிப்பாக வேண்டாம். இரண்டு காரணம். ஹைட்ரோகார்டிசோனை வைத்து அளந்ததில், முன்கை 1 என்றால் நெற்றி 6, விதைப்பை 42 மடங்கு உறிஞ்சுகிறது; உள்ளங்கால் 0.14 மட்டுமே. இடுக்கு, அக்குள், முகம், கண்ணிமை எல்லாம் மெல்லிய தோல். அங்கே மென்மையான ஸ்டீராய்டோ டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்போ தருவார்கள்.

இரண்டாவது, அது படர்தாமரையாக இருக்கலாம். ஓரம் சிவந்து மேடாக, நடு தெளிந்து, வட்டமாக விரிகிறதா பாருங்கள். பூஞ்சைக்கு ஸ்டீராய்டு பூசினால் அரிப்பும் சிவப்பும் இரண்டு நாளில் குறையும், குணமாகிறது என்று தோன்றும். அடியில் பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும். வட்டமும் கலைந்துபோவதால் பிறகு மருத்துவருக்கே அடையாளம் காண்பது சிரமம். தடவுவதற்கு முன்பே காட்டினால், செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தே சொல்லிவிடலாம்.

பதில் 2 எழுதியவர்

விட்டுப்போன ஒன்று: தடவி முடித்ததும் கையைக் கழுவுங்கள், அந்த விரல் கண்ணில் பட வேண்டாம். பாரஃபின் சேர்ந்த களிம்பு ஊறிய துணி, போர்வை எளிதில் தீப்பிடிக்கும், துவைத்தாலும் முழுசாகப் போகாது. அந்தத் துணியோடு அடுப்பு, சிகரெட் பக்கம் போகாதீர்கள்.