புதுப்பிப்பு: பழைய காரின் அல்டனேற்றர் (எஞ்சின் ஓடும்போது மின்னை உண்டாக்கிப் பற்றறியை ஏற்றும் கருவி) மாற்றியாயிற்று
மாங்குளத்திலிருந்து கிளிநொச்சிக்கு இரவில் வரும்போது காரின் பற்றறி எச்சரிக்கை விளக்கு எரிவதாகவும் முன்விளக்குகள் மங்குவதாகவும் முன்பு எழுதியிருந்தேன். பலர் பற்றறியை மாற்றச் சொன்னீர்கள். ஆனால் எஞ்சின் ஓடும்போது பற்றறி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ற் வரை இருக்கவேண்டிய அளவு 12.1 ஆகவே நின்றதாலும், பெல்ற், பியூஸ், பற்றறிக்குச் செல்லும் தடித்த வயர் ஆகிய மூன்றும் சரியாக இருந்ததாலும், பழுது அல்டனேற்றருக்குள்தான் என்பது உறுதியாயிற்று. கழற்றிப் பார்த்தபோது காபன் பிரஷ்கள் (அதன் சுழலும் பகுதிக்கு மின்னைக் கொடுக்கும் சிறு கரித்துண்டுகள்) முற்றாகத் தேய்ந்திருந்தன. அவற்றை மட்டும் மாற்றுவதே மலிவு. எனினும் அவை உரசும் செப்பு வளையங்களிலும் ஆழமாகப் பள்ளம் விழுந்திருந்ததால், வவுனியாவில் திருத்தி விற்கப்படும் வேறோர் அல்டனேற்றரை வாங்கிப் பூட்டினேன். பற்றறியின் மறை (−) முனையைக் கழற்றாமல் தயவுசெய்து இவ்வேலையைத் தொடங்காதீர்கள். அல்டனேற்றரிலிருந்து பற்றறிக்குச் செல்லும் அந்தத் தடித்த வயரில் எந்நேரமும் மின் உண்டு. இப்போது எல்லா விளக்குகளும் எரியும்போதும் 14.1 வோல்ற் நிற்கிறது. பற்றறி பழையதேதான்.