பிபி–நைலான் கலவையில் நானோ களிமண்: விறைப்பு ஏறுது, பாகம் உடையுது

கேள்வி (சேதராப்பட்டு, புதுச்சேரி):
பாலிப்ரொப்பிலீன் (பிபி) 70 பங்கு, நைலான்-6 30 பங்கு. இதில் அமோனியம் உப்பால் மாற்றிய மான்ட்மோரில்லோனைட் (அடுக்கடுக்கான நானோ களிமண்) 5 சதவீதம் நேரா ஹாப்பர்ல (மெஷினில் பொருள் கொட்டும் வாய்) போட்டு ஓட்டுறோம். தாக்கு வலிமை இறங்கிடுச்சு. வெள்ளைப் புள்ளி, லேசான மஞ்சள் வேற. எதை மாத்தணும்?

பதில் 1:
வெள்ளைப் புள்ளி, அடுக்கு பிரியாத களிமண் கட்டி. விரிசல் அங்கேதான் தொடங்கும். களிமண்ணுக்கு நைலான் மேல்தான் ஒட்டுதல் அதிகம். அதனால் இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடரில் (பிளாஸ்டிக்கை உருக்கிக் கலந்து தள்ளும் மெஷின்) முதலில் நைலானோடு உருக்கிக் கலந்துவிட்டு, அப்புறம் பிபி சேருங்க. மாலியிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பிபி 5 சதவீதம் கட்டாயம். அது நைலானின் அமீன் முனையோடு வினைபுரிந்து பிபியையும் நைலானையும் பிணைக்கும். இது இல்லாமல் களிமண்ணை மட்டும் கூட்டுவது வீண். அளவையும் 3 சதவீதமாகக் குறைத்துப் பாருங்க.

பதில் 2 (கடலூர்):
மஞ்சளுக்குக் காரணம் சூடு. அந்த அமோனியம் உப்பு 200 டிகிரி வாக்கிலேயே சிதையத் தொடங்கும். நைலான்-6 உருகவே 220 வேணும். முழுசா தப்ப முடியாது. 230–235இல் வைத்து, பேரலில் (திருகு சுழலும் சூடான குழாய்) பொருள் தேங்காமல் ஓட்டுங்க.

ஓட்டும் முன் நைலானை உலர்த்தணும். நம்ம கடற்கரைக் காற்றுக்குச் சாதாரண ஹாட் ஏர் டிரையர் போதாது, அது ஈரக்காற்றையே சூடாக்கி உள்ளே தள்ளும். டிஹியூமிடிஃபையிங் டிரையரில் (காற்றின் ஈரத்தை நீக்கி உலர்த்துவது) 80 டிகிரி, 6 மணி நேரம். களிமண்ணையும் உலர்த்துங்க.

பதில் 1:
எக்ஸ்ரே சோதனை வரைபடத்தில் களிமண் முகடு மறைந்ததை மட்டும் வைத்து, அடுக்கு பிரிந்துவிட்டது என்று நம்பாதீங்க சார். அடுக்குகள் பிரியாமல் ஒழுங்கு குலைந்தாலே அது மறையும். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படமும் எடுங்க.