நிறுத்தப்பட்ட கறுப்புத் திராட்சைப் பாகு: அந்தச் சுவையை வீட்டில் கொண்டுவர முடியுமா?

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக வாங்கிவந்த கறுப்புத் திராட்சைப் பாகு ஒன்றின் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஒரு பங்கு பாகுக்கு நான்கு பங்கு குளிர்ந்த நீர் கலந்து குடிக்கும் வகை அது. மாற்றாக வாங்கிய இரண்டு வகைகளும் தித்தித்தனவே தவிர, திராட்சை குடித்த நிறைவைத் தரவில்லை. வெறும் நீரைக் குடிக்க மறுக்கும் என் அம்மா, அந்தப் பாகைக் கலந்து கொடுத்தால் மட்டும் குவளையை முழுதாகக் காலிசெய்வார். அதனால்தான் இதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

வீட்டிலேயே செய்யத் தொடங்கி மூன்று முறை முயன்றுவிட்டேன். முதல் முறை, சாற்றையும் சர்க்கரையையும் அலுமினியப் பாத்திரத்தில் ஒன்றாகக் கொதிக்கவிட்டு, கம்பிப் பதம் வரும்வரை காத்திருந்தேன். நிறம் மங்கி நீலம் பாரித்ததோடு, மறுநாள் புட்டியைக் கவிழ்த்தாலும் கீழே இறங்காத அளவுக்கு அது கட்டியாக உறைந்துவிட்டது. இரண்டாம் முறை சற்று நேரமே கொதிக்கவிட்டு அலமாரியில் வைத்தேன்; ஒன்பதாம் நாள் மூடியைத் திருகியபோது சீறிக்கொண்டு நுரை வந்தது. மூன்றாம் முறை செய்தது கெடவில்லை, ஆனால் புட்டியின் அடியில் கண்ணாடித்தூள் போன்ற மணல் படிந்திருக்கிறது. அது சர்க்கரை என்று எண்ணி வெதுவெதுப்பான நீரில் போட்டுக் கலக்கினேன், கரையவில்லை. வாயில் வைத்தால் புளிக்கிறது.

பழைய பாகின் காலிப் புட்டி ஒன்று கைவசம் இருக்கிறது. அதன் ஒட்டுச்சீட்டில் உள்ளவை வரிசையாக: சர்க்கரை, நீர், அடர்த்தியூட்டிய திராட்சைச் சாறு, அமிலம் 330, உப்பு, பதனப்பொருள் 211, நிறம் 122. 100 மில்லிலிட்டரில் சர்க்கரை 60 கிராம் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு சுவையை மீட்க வழியுண்டா?

மறுமொழி 1

அந்தப் புட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது பெரிய உதவி. உட்பொருள்களை எடையின் இறங்குவரிசையில் எழுதுவதே பொதுவான வழக்கம் என்பதால், அந்தச் சீட்டே பாதிச் செய்முறையைச் சொல்லிவிடுகிறது.

100 மில்லிலிட்டரில் 60 கிராம் சர்க்கரை என்றால், அந்த அளவு பாகு ஏறக்குறைய 122 கிராம் எடை இருக்கும். அதாவது எடையில் பாதிதான் சர்க்கரை. நீங்கள் கம்பிப் பதம்வரை சென்றதால் அதைவிட வெகுதூரம் தாண்டிவிட்டீர்கள். திராட்சைத் தோலில் இருந்து வரும் பெக்டின், பழத்தின் அமிலம், நிறையச் சர்க்கரை ஆகிய மூன்றும் சேர்ந்து கொதித்து, வெப்பம் 104 அல்லது 105 பாகை செல்சியசை எட்டினால் ஜெல்லிதான் கிடைக்கும். முதல் முறை உறைந்ததற்கு அதுவே காரணம். பாகுக்கு இந்தப் பதம் பார்க்கும் வேலையே வேண்டியதில்லை. நிறம் மாறியதற்குக் காரணம் பாத்திரம்: திராட்சையின் ஆந்தோசயனின் நிறமி அமிலத்தில் சிவப்பாக நிற்கும், அலுமினியத்தோடும் இரும்போடும் சேர்ந்தால் நீலம் பாரித்து மங்கும். எவர்சில்வர் அல்லது எனாமல் பாத்திரத்தையே பயன்படுத்துங்கள்.

இப்போது சுவைக்கு வருகிறேன், ஏனென்றால் வீட்டுப் பாகுகள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். 330 என்பது சிட்ரிக் அமிலம். ஐந்து மடங்காகப் பெருகவேண்டிய பாகைக் கரண்டியில் எடுத்து நேராக ருசிபார்த்தால் நாக்கு தித்திப்பில் மூழ்கிவிடும். புளிப்பு போதாமல் இருப்பது தெரியாது. நீர் கலந்த பிறகு அதே பாகு சப்பென்று இருக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரு தேக்கரண்டிப் பாகில் நான்கு தேக்கரண்டிக் குளிர்ந்த நீர் கலந்து, அதை ருசித்துவிட்டே அமிலத்தைக் கூட்டுங்கள். ஒரு லிட்டர் பாகுக்கு 5 கிராமில் தொடங்கலாம். ஒட்டுச்சீட்டில் உப்பு இருப்பதையும் கவனியுங்கள். ஒரு சிட்டிகை போதும். உப்பாகத் தெரியாது, பழத்தின் சுவை எடுப்பாகத் தெரியும்.

செய்முறை இதுதான். 1 கிலோ திராட்சையைக் காம்பு நீக்கிக் கழுவி, 200 மில்லிலிட்டர் நீர் சேர்த்து, மத்தால் மசித்துச் சிறுதீயில் பத்து நிமிடம் வையுங்கள். மிக்சியில் அரைக்க வேண்டாம், விதை உடைந்தால் கசப்பும் துவர்ப்பும் இறங்கும். தோல் வெளுத்து, சாறு கருஞ்சிவப்பானதும் துணியில் கட்டித் தொங்கவிட்டு, பிழியாமல் தானே சொட்டவிடுங்கள். அந்தச் சாற்றை ஓர் இரவு குளிர்பதனப் பெட்டியில் வைத்து, காலையில் தெளிந்ததை மட்டும் அசையாமல் வேறு பாத்திரத்தில் ஊற்றுங்கள். அடியில் தங்குவதுதான் நீங்கள் சொன்ன மணல். திராட்சையில் இயல்பாகவே உள்ள டார்டாரிக் அமிலத்தின் பொட்டாசியம் உப்பு அது. குளிரில் படிகமாகும், கேடு இல்லை.

700 கிராம் தெளிந்த சாற்றுக்கு ஏறக்குறைய 500 கிராம் சர்க்கரை சேர்த்தால், சாற்றிலேயே உள்ள இனிப்பையும் கணக்கில் கொண்டு, எடையில் பாதி என்ற அளவு வரும். சர்க்கரை கரைந்து ஒரே ஒரு கொதி வந்ததும் இறக்கி, அமிலமும் உப்பும் சேர்த்துவிடுங்கள்.

மறுமொழி 2

மேலே உள்ளதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் ஒன்பதாம் நாள் நுரைத்த பாகைப் பற்றிச் சொல்லாமல் விட்டது சரியல்ல, அது அம்மாவுக்குக் கொடுக்கும் பானம்.

பாதி சர்க்கரை உள்ள பாகு தன்னைத்தானே காத்துக்கொள்ளாது. தொழிற்சாலையில் அந்த வேலையைச் செய்தது 211, அதாவது சோடியம் பென்சோயேட். அமிலம் மிகுந்த பானத்தில் மட்டுமே நன்கு வேலைசெய்யும் பொருள் அது. மிகச் சிறிய அளவில் சேர்க்கவேண்டியது என்பதால், துல்லியமான தராசு இல்லாத வீட்டில் அதைக் கையாள நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குப் பதில் குளிர்ச்சியை நம்புங்கள். பத்து நிமிடம் கொதிநீரில் வைத்தெடுத்த சிறு கண்ணாடிப் புட்டிகளில், பாகு சூடாக இருக்கும்போதே ஊற்றி மூடி, ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். பெரிய புட்டி ஒன்றைத் தினமும் திறந்து மூடுவதைவிடச் சிறிய புட்டிகள் பல மடங்கு நல்லது. மிச்சத்தைப் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறைபெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். சர்க்கரை மிகுதியால் கல்லாக இறுகாது, கரண்டியால் எடுக்கலாம்.

அதே 700 கிராம் சாற்றுக்கு 1 கிலோ சர்க்கரை போட்டால் சர்க்கரையின் அளவு எடையில் 65 விழுக்காட்டை எட்டும். அங்கே நொதிக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு வேண்டிய நீர் கிடைப்பது மிகவும் குறைந்துவிடுவதால் பாகு கூடுதல் நாள் தாங்கும். ஆனால் நீங்கள் தேடும் சுவை அதில் இராது. நுரை, புளித்த வாடை, மேலே வெள்ளைப் படலம், உப்பிய மூடி ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் முழுவதையும் கொட்டிவிடுங்கள். பூசணத்தை மட்டும் எடுத்துவிட்டு மீதியைக் காய்ச்சிக் குடிக்கலாம் என்று சிலர் சொல்வது தவறான ஆலோசனை. மூடிய புட்டிக்குள் நொதித்தால் கண்ணாடியே வெடிக்கவும் கூடும்.

மறுமொழி 3

காய்ச்சாமல் செய்யும் முறையைப் பலர் உயர்த்திப் பேசுவார்கள் என்பதால் இதை எழுதுகிறேன். நறுக்கிய ஸ்ட்ராபெரியையும் அதே எடைச் சர்க்கரையையும் அடுக்கடுக்காகப் போட்டுக் குளிரில் ஒரு நாள் வைத்தால், சர்க்கரை சாற்றை வெளியே இழுத்துவிடும். நிறமும் மணமும் புதுப்பழத்தை அப்படியே ஒத்திருக்கும், ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஆனால் உங்கள் திராட்சைக்கு இது பொருந்தாது. அதன் நிறம் தோலில் இருக்கிறது. தோலை வேகவைத்தால்தான் இறங்கும். அதைவிட முக்கியமாக, நீங்கள் நினைவில் வைத்திருக்கும் சுவை புதுப்பழத்தின் சுவை அல்ல. அடர்த்தியூட்டிய சாறு என்பது நீரை ஆவியாக்கிச் சுண்டச்செய்த சாறு. வெந்த பழத்தின் மணம் அதில் இருந்தே தீரும். ஆகவே தெளிந்த சாற்றில் கால் பங்கை மட்டும் தனியாக எடுத்து, சர்க்கரை சேர்க்காமல், பாதியாகச் சுண்டவிட்டுக் கடைசியில் கலந்துபாருங்கள்.

இன்னொன்று: பழத்தை முதலில் உறையவைத்து, உருகிய பின் மசித்தால், பனிப்படிகங்கள் பழத்தின் திசுக்களை உடைத்துவிடுவதால் சாறு தாராளமாக இறங்கும்.

கேள்வி கேட்டவர்

மூவர் சொன்னதையும் சேர்த்து நேற்றும் இன்றுமாகச் செய்தேன். உறையவைத்து உருகவிட்ட 1 கிலோ பழத்தில் இருந்து 740 கிராம் தெளிந்த சாறு கிடைத்தது. இரவில் படிந்த மணல் கிண்ணத்தின் பக்கங்களிலும் ஒட்டிக்கொண்டு விளக்கொளியில் மின்னியது. இம்முறை அதை அடையாளம் கண்டுகொண்டேன். கால் பங்கு சாற்றைச் சுண்டவைத்தபோது சமையலறையில் எழுந்த மணம், பழைய புட்டியைத் திறந்தால் வரும் அதே மணம். 5 கிராம் அமிலத்தில் சப்பென்றிருந்தது, 7 கிராமில் நின்றுகொண்டேன். நிறம் மட்டும் பழையதைவிடச் சற்று இருண்டு, பழுப்புச் சாயலோடு இருக்கிறது; அந்தப் பளிச்சென்ற சிவப்பு 122 என்னும் செயற்கை நிறத்தால் வந்தது என்று இப்போது தெரிவதால், அதை நான் துரத்தப்போவதில்லை.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் கலந்து கொடுத்தேன். பாதி குடித்த பின் குவளையை உயர்த்திப் பார்த்து, "நிறம் மாறியிருக்கிறதே, மறுபடியும் கடையில் வருகிறதா?" என்று கேட்டார். மீதியையும் குடித்துவிட்டார். சிறு புட்டிகள் ஐந்தும் தேதி ஒட்டிக் குளிர்பதனப் பெட்டிக்குள் போய்விட்டன.